டயரில் பட்டன் இருக்கிறது, பிடிப்பு எங்கே போனது?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 38. ஏற்காட்டில் வேலை, வாரத்தில் ஐந்து நாள் பைக்கில் மலை ஏறி இறங்குகிறார். வண்டி 2016 மாடல் பல்சர் 150, சித்தப்பா மகனிடமிருந்து வாங்கியது. அவர் ஓசூர் போய்வர கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு, மூன்று நான்கு வருஷம் வாசலில் வெயிலில் நிறுத்தியே வைத்திருந்தாராம். போன ஐப்பசியில் மழை விட்டு அரை மணி நேரம் கழித்து மலை இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் வழுக்கி, தம்பி வண்டியோடு சாய்ந்துவிட்டார். நல்லவேளை, முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. மற்றதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்:

“அண்ணா, அன்றிலிருந்து வளைவு வந்தாலே கை விறைத்துக்கொள்கிறது. 20-ல்தான் இறங்குகிறேன், பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை, தூக்கி எறிந்துவிடும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்தார்கள். பஞ்சர் கடையில் ‘டயர் ஒல்லியா இருக்கு, 120 போடுங்க’ என்கிறார். மாமாவோ ‘பட்டன் அப்படியே இருக்கு, எதுக்கு மாத்தணும்’ என்கிறார். காற்று முன்னால் 35, பின்னால் 40. டைட்டாக இருந்தால் வழுக்காது என்று ஒருவர் சொன்னார். எந்தக் கம்பெனி டயர் வாங்கலாம்? காற்று எவ்வளவு வைக்கலாம்? டயர் மாற்றினால் இந்தப் பயம் போகுமா, இல்லை எனக்குத்தான் வண்டி ஓட்ட வரவில்லையா?”

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வண்டி ஓட்ட வருகிறது. நீங்கள் அனுப்பிய நான்கு படங்களைப் பார்த்தபின் சொல்கிறேன், இந்த டயரோடும் இந்தக் காற்றோடும் அந்த மலையில் பயம் வராதவர் யாராவது இருந்தால் அவரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். ஆசனத்தின் வழியாகவும் ஹேண்டில்பார் வழியாகவும் டயர் உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. உங்கள் உடம்பு அதைச் சரியாகக் கேட்டிருக்கிறது.

படத்தில் பின்டயரின் பக்கச்சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 100/90-17 55பி என்று இருக்கிறது. அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். 55 என்பது 218 கிலோ வரை தாங்கும் என்பதற்கான குறியீடு, பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும். இதில் எதுவும் குறையில்லை. நான் தேடியது வேறொரு எண். பக்கச்சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். உங்கள் டயரில் 1116. அதாவது 2016-ஆம் வருஷம் 11-ஆவது வாரத்தில் செய்த டயர். ஷோரூமிலிருந்து வண்டியோடு வந்த அதே டயர்.

மாமா சொல்வது பொய்யில்லை. ஓரங்களில் பட்டன், அதாவது ரப்பரில் மேடும் பள்ளமுமாக வெட்டியிருக்கும் கட்டங்கள், இருக்கிறது. இருசக்கர வண்டிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மில்லிமீட்டர், உங்கள் டயர் அதைத் தாண்டிவிடும். ஆனால் பட்டனுடைய வேலை தண்ணீரை வழிவிட்டு ஒதுக்குவது. ரோட்டைக் கவ்விப் பிடிப்பது ரப்பர். ரப்பர் வயதாக ஆக இறுகும், வெயிலில் நின்றால் இன்னும் சீக்கிரம் இறுகும். பள்ளிக்கூடத்துப் பையில் பழைய அழிரப்பர் ஒன்று கிடக்குமே, தேய்த்தால் எழுத்து அழியாமல் தாளில் வழுக்கிக்கொண்டு போகும், அதுதான் இது. கட்டைவிரல் நகத்தால் டயரின் ஓரப் பட்டனை அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பரில் நகம் பதிந்து மெதுவாக மீளும். உங்களுடையதில் பதியவே பதியாது என்று நினைக்கிறேன். இரண்டாவது படத்தில், பட்டன்களுக்கு நடுவில் வரப்பு வெடித்த மாதிரி மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. ஐந்து வருஷம் தாண்டிய டயரை மாதம் ஒருமுறை இப்படிப் பார்க்க வேண்டும் என்பது என் கணக்கு. கீறல் தெரிந்தால் பட்டனைப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது படம், பின்னாலிருந்து எடுத்தது, எனக்கு இன்னும் முக்கியமாகப்பட்டது. டயரின் நடுப்பகுதி சப்பையாக இருக்கிறது. ஓசூர் ரோட்டில் நேராகவே ஓடினதாலும், காற்று அதிகமாக இருந்ததாலும் நடு மட்டும் தேய்ந்து, குறுக்குவெட்டில் வளையம் போல் இருக்க வேண்டியது பெட்டி போல் ஆகிவிட்டது. பைக் டயர் காரின் டயர் போலத் தட்டையாக இல்லாமல் உருண்டிருப்பதற்கு ஒரே காரணம், சாய்க்கும்போது வண்டி ஒரே சீராகச் சாய வேண்டும் என்பதுதான். சப்பையான டயரில் முதலில் சாயவே மறுக்கும். நீங்கள் கொஞ்சம் அழுத்தம் கொடுப்பீர்கள், உடனே அந்த விளிம்பைத் தாண்டி பொசுக்கென்று விழுவது போல் சாயும். “வளைவில் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை” என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். சமதளத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் தெரியும்.

இனி காற்று. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் டயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள்கூட, சும்மா கிடைக்கிற காற்றில் கோட்டை விடுகிறார்கள்.

வண்டி 145 கிலோ வரும். நீங்கள், பை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து ஒரு 75 என்று வைப்போம். மொத்தம் 220. இதில் பின்சக்கரத்தின் மேல் விழுவது சுமார் 125 கிலோ. 28 பி.எஸ்.ஐ. (கடை மீட்டரில் காட்டுகிற எண் இதுதான்) காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ அழுத்தம். அப்படியானால் 125 கிலோவைத் தாங்க டயர் சுமார் 63 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு ரோட்டில் பதிந்தாக வேண்டும். விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கையைப் பாருங்கள், அவ்வளவுதான். இப்போது 40 பி.எஸ்.ஐ.க்கு அதே கணக்கைப் போடுங்கள், சுமார் 44 வரும். டயரின் உடம்புக்கே ஒரு விறைப்பு உண்டு என்பதால் நிஜத்தில் இவ்வளவு கறாராகக் குறையாது. ஆனாலும் போக்கு இதுதான். உள்ளங்கையில் மூன்றில் ஒரு பங்கை நீங்களே வெட்டிவிட்டு, மிச்சத்தை வைத்து மழை ரோட்டில் மலை இறங்கியிருக்கிறீர்கள். அந்த மிச்சமும் இறுகிப்போன ரப்பர், நடுச்சப்பை.

இதோடு இன்னொன்று. காற்று அதிகமான டயர் சின்ன மேடு பள்ளத்தில் அமுங்காது, குதிக்கும். குதிக்கிற அந்த நொடியில் பிடிப்பே கிடையாது.

உங்கள் வண்டிக்கு முன்னால் 25, பின்னால் தனியாக ஓட்டும்போது 28, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 32. வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், வண்டியிலேயே ஸ்டிக்கரும் இருக்கும், ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பக்கச்சுவரில் எழுதியிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அதுதான் வைக்க வேண்டிய அளவு என்று சில பேர் நிரப்புகிறார்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம். வண்டிக்கு வேண்டிய அளவை வண்டிக் கம்பெனிதான் சொல்லும்.

நாற்பது வைக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை ஏற்றிவிட்டால் இரண்டு மாசம் கடைப்பக்கம் போக வேண்டாம், அவ்வளவுதான். வழுக்காது என்பதெல்லாம் பின்னால் ஒட்டவைத்த காரணம். அதற்காகக் குறைத்து வைத்தால் பிடிப்பு கூடும் என்று 20-க்கு இறக்கிவிடாதீர்கள். காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், ஹேண்டில் கனக்கும், வளைவில் வண்டி நீந்துவது போல் ஆடும். டியூப் போட்ட சக்கரமாக இருந்தால் டயரும் டியூபும் ரிம்மில் நகர்ந்து வால்வுக் கழுத்தே அறுந்துவிடும். அப்படி அறுந்தால் பஞ்சர் ஒட்டவும் முடியாது, தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

மலை ஏறினால் காற்று மாறுமா என்று நிறைய பேர் என்னிடம் கேட்கிறார்கள், நீங்களும் மனதில் நினைத்திருக்கலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,500 மீட்டர். மேலே போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் 2 பி.எஸ்.ஐ. போலக் கூட்டிக் காட்டும். ஆனால் மேலே குளிர். வெப்பம் 10 டிகிரி இறங்கினால் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும். கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட அடித்துவிடும். எனவே கீழே சரியாக வைத்துவிட்டு ஏறுங்கள், மேலே போய் நோண்ட வேண்டாம்.

பார்க்க வேண்டிய நேரம் காலை, வண்டி எடுப்பதற்கு முன். ஓடின டயர் சூடாகி 3, 4 கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். சில நூறு ரூபாயில் ஒரு கையடக்க ஏர் கேஜ் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். வீட்டில் அளந்து பின்டயர் 24 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியது 28, ஆக 4 குறைகிறது. பெட்ரோல் பங்க்குக்குப் போனதும் அங்குள்ள மீட்டர் 27 காட்டினால் 31 வரை ஏற்றச் சொல்லுங்கள். மீட்டருக்கு மீட்டர் வித்தியாசம், டயர் சூடு, இரண்டும் இந்தக் கணக்கில் அடங்கிவிடும். வால்வு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். நைட்ரஜன் வேண்டுமா என்றால், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசில் டீ குடிக்கலாம்.

சரி, எந்த டயர்? 120 வேண்டாம். அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். இருபத்தி நாலு வயதில் என் சொந்த வண்டிக்கு, ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு 130 போட்டேன். பார்க்க அம்சமாக இருந்தது. ஒல்லியான ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இரண்டு பக்கமும் உள்ளே இழுபட்டு நடு முதுகு கூர்மையாகிவிடும். போட்ட காசுக்கு நேரோட்டத்தில் ரோட்டில் பதிந்தது பழைய டயரைவிடக் கம்மி என்றுதான் எனக்குப் பட்டது. சாய்ப்பதற்குக் கஷ்டம், மைலேஜும் குறைந்தது, போதாக்குறைக்குச் செயின் கவரில் உரசி உரசி ஓரம் சீவிக்கொண்டது. நாலே மாசத்தில் கழற்றினேன். மேலே போட்ட கணக்கையே திரும்பப் பாருங்கள். எடையும் காற்றழுத்தமும்தான் பதியும் பரப்பைத் தீர்மானிக்கின்றன. அகலம் அந்தப் பரப்பின் வடிவத்தைத்தான் அதிகம் மாற்றும். பின்னால் 100/90-17, முன்னால் என்ன அளவு இருக்கிறதோ அதே. ரிம் டியூப்லெஸ்ஸுக்கானது என்றால் டியூப்லெஸ். டியூப் ரிம்மில் டியூப்லெஸ் டயரை டியூப் இல்லாமல் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு அந்த ரிம்மில் இருக்காது.

கம்பெனி பெயர் கேட்டீர்கள். எம்.ஆர்.எஃப்., டி.வி.எஸ். யூரோகிரிப், சியட், அப்போலோ, மிஷலின் என்று உங்கள் அளவில் எடுக்க நிறைய இருக்கிறது. (1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். காற்றை அடைத்து விற்பதில் அவர்களுக்கு அனுபவம் அதிகம்.) நான் ஒரே பெயரைச் சொல்லமாட்டேன். அதே கம்பெனியிலேயே நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்க வேண்டும் என்று செய்த டயரும் இருக்கும், மழையில் பிடிக்க வேண்டும் என்று செய்த டயரும் இருக்கும். உழைக்கிற டயர் கெட்டி ரப்பர், பிடிக்கிற டயர் கொஞ்சம் மெது. உங்கள் ரோட்டுக்கு இரண்டாவது. சீக்கிரம் தேயும்தான், தேயட்டும். பெரிய பெரிய கட்டம் போட்ட காட்டு டயர் வேண்டாம், தார் ரோட்டுக்கான, ஓரம் வரை நீர் போக வாய்க்கால் உள்ள பட்டன் போதும். முன்டயரின் வயதையும் பாருங்கள், அதுவும் பழசு என்றால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அடுத்த சம்பளம் வரை மலைக்குப் பஸ்ஸில் போவதுதான் என் ஆலோசனை.

கடையில் பணம் கொடுக்கும் முன் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். ஆறு மாசத்துக்கு உள்ளே இருந்தால் நல்லது, ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், மாட்டியதும் அதைச் சரிபாருங்கள். சக்கரம் கழற்றியிருக்கும்போதே பின் பிரேக் ஷூ, ஸ்விங் ஆர்ம் புஷ், வீல் பேரிங் மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். விழுந்த வண்டி என்பதால் முன்னால் கோன் செட்டும் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்) ஃபோர்க்கும். நடு ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ‘டொக்’ என்று ஒரு ஆட்டம் கொடுத்தால் கோன் செட் லூஸ். இது சரியில்லாமல் எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் நடுக்கம் போகாது.

பயத்துக்கு வருகிறேன். நீங்கள் விழுந்ததில் டயருக்கு முக்கால் பங்கு என்றால், பிரேக்குக்குக் கால் பங்கு. முன் பிரேக்கைத் தொடுவதில்லை என்கிறீர்கள். இறக்கத்தில் எடை முழுக்க முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிவிடும், பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தினாலே சுழல்வது நின்று இழுபடும். இழுபடும் சக்கரம் பக்கவாட்டில் போகத்தான் பார்க்கும். உங்கள் 2016 வண்டியில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழல்வது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ்ஸும் கிடையாது. ஆக, இறக்கத்தில் எந்தச் சக்கரத்துக்குப் பலம் இருக்கிறதோ அதைச் சும்மா விட்டுவிட்டு, பலமில்லாததை மட்டும் பிடித்திருக்கிறீர்கள். முன் பிரேக் தூக்கி எறியும் என்பது, வளைவுக்குள் சாய்ந்தபடி வெடுக்கென்று பிடித்தால் உண்மை. நேராக இருக்கும்போது, எலுமிச்சம்பழம் பிழிவது போல இரண்டு விரலால் படிப்படியாக அழுத்தினால் அதைவிட நம்பகமானது வண்டியில் இல்லை.

இன்னொன்று, இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரல் போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும், பிரேக்குக்குப் பாதி வேலைதான்.

புது டயர் மாட்டிய அன்றே மலைக்குப் போகாதீர்கள். புது ரப்பரின் மேல்தோல் வழவழவென்று இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே, காய்ந்த ரோட்டில், நிதானமாக ஓட்டுங்கள். அந்த நாட்களில் விடிகாலையில் ஏதாவது ஒரு காலி மைதானத்துக்குப் போய் 20, 30 வேகத்தில் நேராக வந்து முன் பிரேக்கை மட்டும் பிடித்து நிறுத்திப் பழகுங்கள். முதல் நாள் கை தயங்கும். நாலாவது நாள் முன்பக்கம் அமுங்கி வண்டி நிற்பதைக் கை தானாகவே எதிர்பார்க்கும். அப்புறம் பெரிய எட்டு போட்டுப் பழகுங்கள், லைசென்ஸ் எடுக்கும்போது போட்டதுதான். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும் என்பதை எட்டில்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். பயந்தவர் பார்வை எப்போதும் முன்சக்கரத்துக்கு இரண்டடி முன்னால் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள், தோளும் முழங்கையும் தளர்ந்தே இருக்கட்டும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றுலா வண்டிகள் ஏறுவதற்கு முன், மழையில்லாத காலையில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். வேலைக்கு நேரமாயிற்று என்ற நினைப்பு இல்லாத நாளாக இருக்க வேண்டும். வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தை இறக்கி, கியரையும் இறக்கி, உள்ளே நுழைந்தபின் பிரேக்கை விட்டுவிட்டு லேசான ஆக்சிலேட்டரில் கடந்துவிடுங்கள். மழை நாளை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மழை நாளில் எனக்கும் பயம் உண்டு. கொட்டும் மழையைவிட, தூறல் தொடங்கின முதல் கால் மணி நேரம் மோசம், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து மேலே வரும். நீங்கள் விழுந்தது போல மழை விட்ட பின்னும், மர நிழலில் சில்வர் ஓக் இலையும் எஸ்டேட் மண்ணும் கிடக்கும் இடங்கள் காயாமல் இருக்கும். வெள்ளைக் கோட்டின் மேல் சாய்க்காதீர்கள். பஸ்காரர் ஹாரன் அடித்தால் அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி அவரை விட்டுவிடுங்கள். 20-ல் இறங்குவது தப்பில்லை.

கடைசியாக ஒரு வேலை. பழைய டயரைக் கடையில் அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். சூட்டுக் கத்தியால் கோடு கீறி, கறுப்புப் பாலிஷ் போட்டு இன்னொருவர் வண்டியில் ஏற்றிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். கழற்றியதும் ஒரு கத்தி வாங்கி, பக்கச்சுவரில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டு வாருங்கள்.